இரண்டு படி அரிசிக்கு

டிவி ஓடினால்தான் என் மகள் வாய் திறப்பாள். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பொன்னேரியில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் இதே கதைதான். யுகேஜி படிக்கிற பெண். இரவு ஏழரைக்கு அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு வயதுத் தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, சோற்றைப் பிசைந்து ஊட்டுவேன். கார்ட்டூன் பார்த்தால் பிடிவாதம் வரும் என்று எங்கோ படித்திருந்தேன். அதனால் அந்த நேரத்தில் வந்த ஒரு சரித்திரத் தொடரை வைத்தேன். வரலாறு தெரிந்துகொண்டால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அது பஞ்ச காலத்துக் கதை. பாட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது. வெடித்துப் போன ஏரி, மூட்டையோடு நடக்கும் ஜனங்கள், வழியில் விழுகிறவர்கள். குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் தினமும் அதைப் பற்றிச் சண்டை. “சாப்பிடற நேரத்துல இன்னாங்க இந்த ஒப்பாரி?” என்று ஒருவர். “நம்ம ஆளுங்க பட்ட கஷ்டத்த பாக்கக்கூட உங்களுக்கு தெம்பில்லையா?” என்று இன்னொருவர். இரண்டுமே சரி என்றுதான் எனக்குப் பட்டது. ஏதாவது எழுதுவேன், உடனே அழித்துவிடுவேன். கடைசியில் இரண்டு பேருக்கும் கட்டைவிரல் போட்டுவிட்டு போனை வைத்துவிடுவேன்.

எதிர் வீட்டில் என் கணவரின் அக்கா இருக்கிறார்; நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டியில் ஒரு பேக்கிங் கம்பெனியில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியைப் படிக்க வைத்தவர். அவர் பேச்சை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. காலை ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு, தொடர் பார்க்க எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்.

ஒரு நாள் தொடரில், கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய், மூத்த பெண்ணை இரண்டு படி அரிசிக்கு ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டாள்.

“கரெக்டாத்தான் பண்ணா,” என்றார் அண்ணி. “கூட வச்சினு இருந்தா மூணும் செத்திருக்கும். அங்க போனா அதுவாவது கஞ்சி குடிக்கும். இன்னாம்மா, நான் சொல்றது?”

“ஆமாண்ணி, அவ வேற இன்னா பண்ணுவா,” என்றேன். சொல்லிக்கொண்டே மகளுக்கு அடுத்த வாயை ஊட்டினேன்.

மறுநாளிலிருந்து அவள் நாலு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. “வயிறு ரொம்பிடுச்சும்மா,” என்பாள். பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் டப்பாவும் பாதியோடு திரும்பி வந்தது. பூச்சி மருந்து கொடுத்தேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். அண்ணி உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார். இரண்டாம் ஷிப்டில் இருந்த கணவர் போனில், “பசிச்சா துன்னும். நீ ஏன் பேஜார் பண்ணிக்கினு கீற?” என்றார். ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று அவர் சொன்னதும் தோன்றியது. போனை வைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

சனிக்கிழமை காலை சமையலறையில் ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டுப் போனேன். மகள் அரிசி டிரம்முக்குள் தலையை விட்டிருந்தாள். எங்களுக்கு அரிசி மாமனாரின் நிலத்திலிருந்து வரும். நெல்லை மில்லில் கொடுத்து மூட்டையாக அனுப்புவார்கள். அந்த முறை தாமதமாகி, டிரம்மில் அடி தெரிய ஆரம்பித்திருந்தது. உள்பக்கம் க்ரேயானால் கோடு கோடாகப் போட்டிருந்தாள். ஒன்றுக்குக் கீழே ஒன்றாக ஆறு கோடுகள்.

“இன்னாடி பண்றே?”

“தெனமும் கொறையுதும்மா. நான் கம்மியாத்தான் சாப்பிடறேன். அப்பவும் கொறையுது.”

“கொறைஞ்சா மூட்ட வரும். உனக்கு இன்னா?”

“தீந்துட்டா என்னத்தானே குடுப்பே? தம்பி சின்னவன்.”

“யாருடி சொன்னது?”

“நீதான். அவங்க வேற இன்னா பண்ணுவாங்கன்னு சொன்னியே.”

தொடரை அவள் பாதிதான் பார்த்திருக்கிறாள். நாங்கள் பேசியதை முழுவதும் கேட்டிருக்கிறாள்.

அவளைத் தூக்கிக்கொண்டேன். “உன்ன யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

“அப்போ அந்த அம்மா கெட்டவங்களா?”

ஆமாம் என்றால் அது பொய். இல்லை என்றால் மறுபடியும் டிரம்மில் கோடு போடுவாள். “தெரியலம்மா,” என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு இறங்கி, “அத்தகிட்ட கேக்குறேன்,” என்று செருப்புகூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

அன்று லீவில் இருந்த அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். “அந்த அம்மா கெட்டவங்களா அத்த? அரிசி தீந்துட்டா என்னயும் குடுத்துடுவாங்களா?” என்று மகள் கேட்டதும் அவர் கை நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “உன்னயா? ரெண்டு படிக்கா?” என்றார். “நீ பண்ற ராவடிக்கு, வண்டிக்காரன் மறுநாளே நாலு படி அரிசியும் குடுத்து, உன்னயும் கொணாந்து உட்டுட்டு ஓடுவான்.”

“நெசமாவா?”

“பின்ன? உன்ன வச்சி மேய்க்க அவனால ஆவுமா?”

மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் தலைக்கு மேலாக அண்ணி என்னிடம், “அந்தக் கருமத்த இனிமே போடாத,” என்று மெதுவாகச் சொன்னார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது போலத் தெரிந்தது. எனக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

அன்று மதியம் டிவி இல்லாமலேயே மகள் தட்டைக் காலி செய்தாள். அண்ணியின் கேலியை அவள் நம்பியது எனக்குப் புரிகிறது. யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று நான் சொன்னதை நம்பினாளா என்பதுதான் தெரியவில்லை. கேட்டுவிடலாம் என்று பலமுறை வாயெடுத்திருக்கிறேன். மறந்திருப்பதை நானே நினைவுபடுத்திவிடுவேனோ என்று பயந்து, “இன்னும் ஒரு வாய்,” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.