புளியங்கொட்டைப் போக்கர்

வேலைக்குச் சேர்ந்த வருடம் கிறிஸ்துமஸுக்குத் திண்டுக்கல் வந்தபோது, ரம்மி மட்டுமே தெரிந்த என் வீட்டாருக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தேன். பந்தயம் புளியங்கொட்டை. கடைசியில் யாரிடம் கொட்டை குறைவோ, அவர் பிரியாணி அண்டாவைக் கழுவ வேண்டும்.

கடைசி ஆட்டத்தில் என்னிடம்தான் குறைவு, பன்னிரண்டு. கையில் இரண்டு ஆர்ட்டின். எல்லாருக்கும் பொதுவாக நடுவில் விரித்த மூன்று சீட்டில் இன்னும் இரண்டு. விரிக்க வேண்டிய இரண்டில் ஒரு ஆர்ட்டின் விழுந்தால் ஐந்து ஆர்ட்டின் சேர்ந்து ஆட்டம் எனக்கு. வெளியே ஒன்பது ஆர்ட்டின் பாக்கி. ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தடவை விழும். பன்னிரண்டையும் நடுவில் தள்ளினேன்.

"அம்புட்டையும் வைக்கிறாளே, அப்பச் சேர்ந்திருச்சு. நான் ஸ்கூட்டு" என்று மாமா சீட்டைக் கவிழ்த்தார். ரம்மியில் முதலிலேயே விலகினால் நஷ்டம் கொஞ்சம்தான். அந்தப் பழக்கத்தில் அப்பா, அம்மா, தம்பி மூவரும் கவிழ்த்துவிட்டார்கள். ஆட்டத் தொடக்கத்தில் அவர்கள் ஆளுக்கொன்றாக வைத்திருந்த நாலு கொட்டை மட்டும் எனக்குக் கிடைத்தது; அப்போதும் என்னிடம்தான் குறைவு.

மாமா சும்மா அடுத்த சீட்டைத் திருப்பிப் பார்த்தார். ஆர்ட்டின்.

இன்னும் சேராத கைக்கு மற்றவர்களும் கூடவே வந்தால்தான் லாபம். நான் சீட்டுகளை மட்டும் கணக்கில் எடுத்திருந்தேன்.

அண்டாவின் அடியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தம்பி வந்து நின்றான்.

"ஏக்கா, ரெண்டே ரெண்டு வச்சிருந்தா நாங்க எல்லாரும் இருந்திருப்போம்ல?"

"தெரியுது. தண்ணிய ஊத்து."