உப்பிய நட்சத்திரம்

வெல்டா ஷ்ராகுக்கு உட்காரத் தெரியாது. கான்சஸின் கோதுமை வயல்களுக்கு நடுவே இருந்த அந்தச் சிற்றூரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது. கல்யாணமான நாளிலிருந்து விடியுமுன் எழுந்து மாடு கறந்தவள். போன இலையுதிர் காலத்தில் கணவன் வில்லிஸின் முழங்கால்கள் கைவிட்டுவிட, மாடுகளை விற்றார்கள். மாடுகள் போனாலும் விழிப்பு போகவில்லை. இருட்டோடு எழுந்து, துடைத்த மேசையையே மறுபடி துடைப்பாள்.

"செவ்வாய்க்கிழமை சர்ச்ல பொம்பளைங்க கூடிப் போர்வை தைக்கிறாங்கல்ல, நீயும் போயேன்" என்றான் வில்லிஸ். அவனுக்கும் வீட்டில் கொஞ்சம் அமைதி வேண்டியிருந்தது.

போனாள். துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வைகளை வசந்தத்தில் ஏலம் விட்டு, போரிலும் பஞ்சத்திலும் அடிபட்டவர்களுக்கு அனுப்புவது அந்த மெனோனைட் கிறிஸ்தவ சபையின் வழக்கம். அந்தக் கூட்டத்துக்குத் தலைவியான எல்ஃப்ரீடா பென்னர் வெல்டாவின் தையலைப் பார்த்தாள்.

"இந்தத் தையல்ல தூங்குறவன் கால்விரல் மாட்டிக்கும்மா. நீ இஸ்திரி போடு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். வெல்டாவுக்கு வருத்தமில்லை. நின்றுகொண்டு செய்கிற வேலை.

அந்த வருடம் பெரிய நட்சத்திரம் ஒன்று தைத்தார்கள். வெள்ளைத் துணியின் நடுவே சிவப்பும் மஞ்சளுமாகச் சாய்சதுரத் துண்டுகள்.

"நீராவி வேணாம்" என்று எல்ஃப்ரீடா முன்னாலேயே சொல்லியிருந்தாள். "சாய்வா வெட்டின ஓரம் சூட்டோட ஈரம் பட்டா இழுபட்டுப் போகும். இஸ்திரிப் பெட்டியை வை, எடு. தள்ளாதே. மடிப்பு அடங்கலன்னா மட்டும் பாட்டில் தண்ணியைத் துளி தெளிச்சுக்க."

வைத்தால் காத்திருக்க வேண்டும். வெல்டாவின் கை காத்திருக்கவில்லை. நீராவிப் பொத்தானை அழுத்தி, தொழுவம் கழுவுகிறவள்போலப் பெட்டியை முன்னும் பின்னும் ஓட்டினாள்.

துண்டுகளையெல்லாம் சேர்த்துத் தைத்து விரித்த அன்று, நட்சத்திரத்தின் நடுப்பகுதி பூரிபோல் உப்பி நின்றது. ஒரு பக்கம் அமுக்கினால் இன்னொரு பக்கம் எழும்பியது.

"அடியில யாராவது பூனையை விட்டிருக்கீங்களா?" என்றாள் தைக்கிறவர்களில் ஒருத்தியான ரோசெல்லா.

"நான்தான் நீராவி வச்சுத் தேய்ச்சேன்" என்றாள் வெல்டா. "வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணிக் கொண்டு வர்றேன்."

"அவசரப்படாமச் செய்" என்றாள் எல்ஃப்ரீடா. கான்சஸ் காற்றிடம் நில் என்று சொன்னதுபோல்தான்.

இழுபட்டது நனைந்தால் சுருங்கும் என்று வெல்டா எங்கோ கேட்டிருந்தாள். சமையலறை மேசையில் விரித்து, சொதசொதவென்று தண்ணீர் தெளித்து, பெட்டியை வைத்து அழுத்தினாள். எடுத்துப் பார்த்தால், சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கிப் படர்ந்திருந்தது.

அடுப்பிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்பு என்று நடந்தாள்.

"என்ன இப்படி அலையிற?" என்றான் வில்லிஸ்.

"எத்தனை பேர் கைவேலை. நாசம் பண்ணிட்டேன்."

"துணிதானே."

"துணி இல்ல, வில்லிஸ். மாட்டை வித்ததுலேர்ந்து எங்க நின்னாலும் தப்பான இடத்துல நிக்கிற மாதிரியே இருக்கு."

அவன் முழங்காலைத் தடவினான். "அப்பவே ஏன் சொல்லல?"

"உன் காலைப் பாத்துக்கிட்டு எப்படிச் சொல்றது?"

வில்லிஸ் மெல்ல எழுந்து போய் எல்ஃப்ரீடாவின் எண்ணைச் சுழற்றி, தொலைபேசியை வெல்டாவின் கையில் கொடுத்தான்.

"பாதி நனைச்சதை முழுசா நனை" என்றாள் நடந்ததைக் கேட்ட எல்ஃப்ரீடா, திட்டாமல். "தொட்டியில வெந்நீர், பாத்திரம் கழுவுற சோப்பு. தண்ணி சிவக்கச் சிவக்க மாத்திக்கிட்டே இரு. காய விட்டா சாயம் ஒட்டிக்கும்."

பகல் முழுக்க வெல்டா குளியல் தொட்டியருகே மண்டியிட்டு, தண்ணீரை இறக்குவதும் நிரப்புவதுமாக இருந்தாள். முதுகு வலித்தது. அந்த வலி அவளுக்குப் பிடித்திருந்தது. தண்ணீர் வெளுத்தது, துணியும் வெளுத்தது.

கூடத்துத் தரையில் காயப்போட்டபோது வில்லிஸ் ஓரமாக நொண்டி வந்தான். "பக்கத்துப் பண்ணை ஸ்டக்கி வீட்ல கன்னுக்குட்டிங்களுக்குப் பால் குடுக்க ஆள் தேடுறாங்களாம். உனக்குக் கேக்கவா?"

"இன்னுமா கேக்கல?"

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்ஃப்ரீடாவே பெட்டியை எடுத்தாள். துளி தெளித்தாள், வைத்தாள், எடுத்தாள். மேடு பெரும்பாலும் அடங்கியது. "மிச்சத்தை நெருக்கமாத் தைச்சு அமுக்கிடலாம்" என்று சொல்லிவிட்டு வெல்டாவைப் பார்த்தாள். "மத்த போர்வைக்கு நீ இஸ்திரி போடுறியா?"

"அந்தப் பெட்டியை மட்டும் எங்கிட்ட குடுக்காதே. ஊசில நூல் கோத்துத் தர்றேன்" என்று வெல்டா, போர்வையை இழுத்துக் கட்டியிருந்த மரச்சட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள்.

ஏலத்தன்று நட்சத்திரம் மேடையேறியபோது அவள் அங்கே இல்லை. உணவுக்கூடத்தில், வரிசையில் நின்றவர்களின் வெரெனிகே என்ற பாலாடைக்கட்டிக் கொழுக்கட்டைகள்மேல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். ரோசெல்லா மூச்சிரைக்க வந்தாள்.

"போயிடுச்சு வெல்டா. யாரோ நெப்ராஸ்காக்காரங்க வாங்கிட்டாங்க."

"நல்லது. தூரமாவே போகட்டும்" என்று சொல்லிவிட்டு, வெல்டா அடுத்தவரின் தட்டை வாங்கினாள்.