கழற்றி விட்ட ஹீட்டர் பிளக்

1995 ஜனவரி 9 தேதியிட்ட இன்லேண்ட் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து அத்திம்பேர் எழுதியது. "இருபதாம் தேதி அக்காவுக்குக் கண் ஆபரேஷன். காலம்பற எட்டரைக்குள்ள கோயமுத்தூர்ல இருக்கணும். விடியறதுக்கு முன்னாடி இங்கே டாக்சிக்காரன் வரமாட்டேங்கறான். நீ காரோட வந்துடு. பனி ஜாஸ்தி. பக்கத்தாத்து டீசல் ஜீப் நேத்திக்குப் பத்து மணி வரைக்கும் கிளம்பலை."

எங்களுடையதும் டீசல் கார்தான். மயிலாப்பூரிலிருந்து தி.நகர், அடையாறு என்று மட்டுமே சுற்றிய அதற்குக் குளிர் தெரியாது. செய்ய வேண்டியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு ஆதம்பாக்கம் மெக்கானிக்கிடம் போனேன். பேட்டரி, ஆயில், ரேடியேட்டரில் உறையாத கூலன்ட். நான்காவதாக, கிளப்புமுன் என்ஜினை உள்ளே சூடாக்கும் ஹீட்டர் பிளக்.

"ஹீட்டரா? அத்த அப்பவே கயட்டி வுட்டேனே சார்."

"எப்போ?"

"நாலு வருசம் கீது. மெட்ராஸ்ல இன்னாத்துக்கு அது? சும்மா பேட்டரிய தின்னுகினு கெடந்துச்சு."

நான்கு வருட பில்களும் என் ஃபைலில் இருந்தன. ஒன்றிலும் இது இல்லை.

அவர் தாளைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா சார், இமயமலைக்கா போறே?"

"ஊட்டிக்கு. அக்காவுக்குக் கண் ஆபரேஷன். விடியறதுக்குள்ள கிளம்பணும்."

அதன்பின் சிரிக்கவில்லை. புது பிளக்குகள் வாங்கிவரச் சொன்னார். சென்னை வெயிலில் வண்டி எப்படியும் கிளம்பிவிடும், அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது. ஆகவே ஒவ்வொரு பிளக்கையும் வெளியிலேயே பேட்டரியில் இணைத்து, முனை சிவப்பதைக் காட்டிவிட்டுத்தான் மாட்டினார். "சாவி போட்டதும் கிளப்பாதே சார். இருபது எண்ணு."

ஊட்டியில், இருபதாம் தேதி காலை ஐந்தேகால். பானெட்டின் மேல் உப்புத் தூவியது போல் உறைபனி. பின்சீட்டில் அக்கா கம்பளிக்குள் இருந்தாள். அத்திம்பேர் உரக்க இருபது எண்ணினார். என்ஜின் இருமி, நின்றது.

"ஏண்டா, பஸ்ஸாவது உண்டா?" என்றாள் அக்கா.

இம்முறை நாற்பது எண்ணச் சொன்னேன். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உறுமியது.

"நாற்பதுன்னு முதல்லயே சொல்லப்படாதோ?" என்றாள்.

எட்டு பத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கினோம். மறுநாள் கட்டைப் பிரித்ததும் அக்கா முதலில் சொன்னது, நான் ஷேவ் செய்துகொள்ளவில்லை என்பதை.

ஊர் திரும்பியதும் மெக்கானிக், குளிரில் டீசல் கெட்டியாகாமல் இருக்க டேங்கில் எனக்குத் தெரியாமல் இரண்டு லிட்டர் மண்ணெண்ணெய் கலந்ததாகவும் வண்டி அதனால்தான் கிளம்பியது என்றும் சொன்னார். ஊட்டி போகும் வழியிலேயே இரண்டு முறை டீசல் நிரப்பியிருந்தேன்; மண்ணெண்ணெயில் மிஞ்சியது கொஞ்சமாகத்தான் இருக்கும். அவர் சொன்னது சரிதானா என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.