சூடேறிய வாரத்தில் தூண்டில் கடை

நாங்கள் புலம்பெயர்ந்து வாழும், பிரெஞ்சு பேசும் நகரின் லாசால் பகுதியில், ஆற்றங்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த தூண்டில் கடையில் அந்தக் கோடை முழுவதும் வேலை செய்தேன். இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சிபோலக் கட்டிய இரையை நீர்மேல் வீசி மீன் பிடிப்பவர்களுக்கான சிறிய கடை அது. நடத்தியவர் திருகோணமலை அக்கா ஒருவர். அங்கேயே வேலை செய்து, முதலாளி ஓய்வுபெற்றபோது கடையைப் பொறுப்பெடுத்தவர். வருபவர்கள் தூண்டில் தடியை எங்கள் கடையில் வீசிப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்கப் பழகியிருந்தார்கள். நான் சொல்லும் நாளின் மாலைக்குள் முன்பணம் கட்டிப் புதிய கொள்முதலை உறுதிசெய்யாவிட்டால் வழங்குவதை நிறுத்திவிடுவதாக, நல்ல தடிகளைத் தரும் விநியோகஸ்தர் சொல்லியிருந்தார். அந்தத் தடிகள் இல்லாமல் கடை இல்லை. முன்பணமோ அன்றைய விற்பனையில்தான் வர வேண்டியிருந்தது.

அன்று காலையில், வடக்கு மலையாறுகளில் மீன்பிடிக்க அழைத்துச் செல்லும் வழிகாட்டி ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். வெயிலில் நீர் சூடேறிவிட்டது. குளிர்நீரில் வாழும் ட்ரௌட் மீனை, வழக்கம்போலப் பிடித்துத் திரும்ப விட்டாலும் பிழைக்காது. இத்தகைய செய்தியை வருபவர்களிடம் சொல்லிவிடுவது கடையின் வழக்கம். சுற்றுச்சூழல் படித்த எனக்கு அதில் தயக்கமே இருக்கவில்லை.

"இண்டைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டு இரும்," என்றார் அக்கா.

"பிழையெல்லோ அக்கா?"

"கடையை மூடினாப் பேந்து இந்த ஆக்களுக்கு ஆத்தைப் பற்றி ஆர் சொல்லப்போகினம்? இன்டர்நெட்டோ?"

ஒரு வாரத்து மீன்களையும் இனிவரும் கோடைகளின் எச்சரிக்கைகளையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தேன். பிறகு நூல் சுற்றும் ரீல் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினேன்.

மதியம், டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றும் யாழ்ப்பாணத்தவர் நால்வர் வந்தார்கள். மலையாற்றுக்குப் போகிறார்களாம், தடி முதல் நீரில் இறங்கும் காலணி வரை எல்லாமே புதிதாக வேண்டும். மேசையில் பொருள்கள் குவியக் குவிய, பில் போடும் அக்காவின் கைகள் வேகம் கொண்டன. என் பக்கம் மட்டும் அவர் திரும்பவில்லை.

"இவ்வளவு சாமானும் வாங்கி, பிடிச்ச மீனைத் திருப்பி விடுறதோ? அப்பா கேட்டால் அடிப்பார்," என்றார் ஒருவர்.

"நீ பிடிச்சாத்தானே விடுறதுக்கு!" என்றார் இன்னொருவர்.

மூத்தவர் சிரிக்கவில்லை. "அக்கா, உண்மையாச் சொல்லுங்கோ. திருப்பி விட்டா மீனுக்கு ஒண்டும் ஆகாதெல்லோ?"

நான் கையிலிருந்த ரீல் பெட்டியைக் கீழே வைத்தேன். அக்கா பில் போடுவதை நிறுத்தினார்.

"இந்தக் கிழமை செத்துப்போம் தம்பி. ஆறு கொதிக்குது. இஞ்ச கீழ ஆத்தில பாஸ் மீன் பிடியுங்கோ, அது சூட்டைத் தாங்கும். அதுக்கு இவ்வளவும் தேவையில்லை."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு தடிகளைச் சுவரில் திரும்ப மாட்டினார்கள். பாஸுக்கான இரைகள் சிலவற்றை மட்டும் வாங்கினார்கள்.

"குளிர் வரட்டும், வாறம் அக்கா."

"கடை இருந்தால் வாங்கோ."

பகிடி என்று எண்ணி ஒருவர் சிரித்தார்.

மாலையில் அக்கா விநியோகஸ்தரை அழைத்து, கொள்முதல் இல்லை என்று பிரெஞ்சில் சுருக்கமாகச் சொன்னார். அவர் செய்தது சரி என்று சொல்ல வாயெடுத்தேன். அதன் விலையைக் கொடுப்பவள் நானல்ல என்பதால் அடக்கிக்கொண்டேன். எஞ்சிய தடிகள் தள்ளுபடியில் விரைவாகத் தீர்ந்தன. இலைகள் நிறம் மாறும் முன்பே கடை மூடப்பட்டது.