நான் அடைத்த ஜன்னல்

கர்த்தருக்குள் என் சொந்தமானவர்களே, என் மகள் ரூத் நம் சபையில் ஓர் இடத்தில் உட்காராமல் ஓடிக்கொண்டிருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். சிலர் என்னிடம் புகாரும் சொல்லியிருக்கிறீர்கள். அவள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, கொரியாவில் ஒரு வாடகை அறையில், கண்ணைத் திறக்கவும் தெம்பில்லாமல் என் மடியில் கிடந்தாள். கணவர் பக்கத்தில் இல்லை. ஊர் புதிது, மொழி தெரியாது. இந்தப் பிள்ளை எனக்குத் தங்காது என்றே நினைத்துவிட்டேன். அந்த நாட்களில் கர்த்தர் எனக்குச் செய்ததைத்தான் எழுதுகிறேன். இதில் என்னைப் பற்றி நல்லதாக எழுத அதிகம் இல்லை. அதையும் முன்பே சொல்லிவிடுகிறேன்.

1991-இல் நாங்கள் இதே டெக்சாஸில்தான் இருந்தோம். என் கணவர் சாமுவேல் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் வேலை. ரூத் பிறந்த கொஞ்ச நாளிலேயே அவரைக் கொரியாவுக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஒரு வருடம் அங்கே இருக்க வேண்டும். குடும்பத்துக்கு உத்தரவு இல்லை. நாமாகப் போனால் தடுக்கமாட்டார்கள். ஆனால் ராணுவ முகாமுக்குள் வீடு கிடைக்காது. வெளியே நாமே பார்த்துக்கொள்ள வேண்டும்.

சபையில் எங்களுக்கு மூத்தவரான மேரி ஆன்ட்டி வீட்டுக்கே வந்துவிட்டார். அவரும் என்னைப் போலப் பாளையங்கோட்டைக்காரர்.

"ஏட்டி, கைப்பிள்ளைய தூக்கிட்டு அங்க போயி என்ன செய்யப்போற? ஒரு வருஷம்தான? எங்க வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு. வந்து இரு. கடைக்கி, ஆஸ்பத்திரிக்கின்னா நான் ஒன்ன டிரைவ் பண்ணிக் கூட்டிட்டுப் போறேன், எல்லாம் பார்த்துக்கிடுதேன்."

"இல்ல ஆன்ட்டி, அவங்க இல்லாம என்னால இருக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன். அது பாதி உண்மை. மீதி வீம்பு. கல்யாணமாகி வந்தவள் இன்னொருவர் வீட்டில் ஒண்டியிருந்தாள் என்று ஊரில் பேசக்கூடாது என்பதுதான் என் கவலை. ஜெபித்து முடிவெடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். முடிவெடுத்த பிறகுதான் ஜெபித்தேன்.

நவம்பர் கடைசியில் போய் இறங்கினோம். அப்படி ஒரு குளிரை நான் கண்டதில்லை. முகாமிலிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி, ஒரு சந்துக்குள் பழைய ஓட்டு வீடு. அதில் ஒரு பக்கம் வீட்டுக்கார அம்மா இருந்தார், மறுபக்கம் எங்களுக்கு ஒரே ஓர் அறை. அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனி ஆள். சந்தையில் காய்கறி விற்கிறவர். சிரிக்கவே மாட்டார். கையில் எப்போதும் ஒரு மணிமாலை கிடக்கும், புத்தரைக் கும்பிடுகிறவர். அதைப் பார்த்ததுமே என் மனம் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டது.

அந்த வீட்டில் தரைதான் சூடாகும். வெளியே சுவரோரம் ஓர் அடுப்பு. அதில் வட்டமாக, துளை துளையாக இருக்கும் கரிக்கட்டியை வைத்து எரிப்பார்கள். காலையும் மாலையும் அந்த அம்மாவே வந்து புதுக் கரி வைப்பார். உள்ளே தரை தோசைக்கல் போல் இளஞ்சூடாக இருக்கும். பாயை விரித்து அதன்மேல் பிள்ளையைப் போட்டால் போதும். ஸ்தோத்திரம் ஆண்டவரே, இந்த ஒரு வசதியையாவது கொடுத்தீரே என்று சொல்லிக்கொண்டேன்.

வந்த இரண்டாம் வாரம் என் கணவர் பத்து நாள் பயிற்சிக்காக மலைப்பக்கம் போய்விட்டார். போன் கிடையாது. அன்றிலிருந்து வீட்டுக்கார அம்மாவோடு எனக்கு மல்லுக்கட்டு ஆரம்பித்தது.

கைப்பிள்ளைக்குக் காற்றுப் படக்கூடாது என்று சொல்லித்தானே நம்மை வளர்த்திருக்கிறார்கள்? நான் ரூத்தின் காதில் பஞ்சு வைத்து, குல்லாய் போட்டு, ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பேன். அந்த அம்மா காலையில் கதவைத் தட்டாமல் உள்ளே வருவார். நேராகப் போய் ஜன்னலை ஒரு சாண் திறப்பார். பிறகு என்னைப் பார்த்து மூக்கைப் பொத்திக் காட்டுவார். தரையைக் காட்டுவார். ஏதோ படபடவென்று சொல்லிவிட்டுப் போவார்.

எனக்கு உச்சி வரை கோபம் ஏறியது. நம் சமையல் நாறுகிறது என்கிறாளே என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் அவள், இவள் என்றுதான் பேசுவேன். டெக்சாஸிலும் சாம்பார் வாசனைக்கு முகம் சுளித்த பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தவள் நான். இவள் வீட்டு முற்றத்தில் முட்டைக்கோஸ், முள்ளங்கி ஊறுகாய் பானை பானையாகப் புளிக்கிறது, அதை நான் ஏதாவது சொன்னேனா? மறுநாள் வேண்டுமென்றே பூண்டும் பெருங்காயமும் கூடுதலாகப் போட்டு ரசம் வைத்தேன். அவர் போனதும் ஜன்னலைச் சாத்தினேன். அதோடு விடவில்லை. என் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து, ஜன்னல் இடுக்கிலும் கதவிடுக்கிலும் கத்தியால் குத்திக் குத்தி அடைத்தேன். கதவுக்கு ஒரு கொக்கி இருந்தது, அதையும் மாட்டினேன்.

அப்புறம்தான் ரூத்துக்கு முடியாமல் போனது. முதலில் பால் குடித்ததும் கக்கினாள். பிறகு குடிக்கவே இல்லை. தூங்கிக்கொண்டே இருந்தாள். எனக்கும் மண்டை பிளந்தது, எழுந்தால் தலை சுற்றியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி முகாம் கிளினிக்குக்குப் போனேன். என்ன ஆச்சரியம், போய்ச் சேர்வதற்குள் அவள் முழித்து, டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் சாதாரண வைரஸ் காய்ச்சலாக இருக்கும் என்று மருந்து கொடுத்தார். நான் இருக்கும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவும் இல்லை. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் பிள்ளை மறுபடி துவண்டாள். இரண்டு நாள் கழித்து மறுபடி கிளினிக். அங்கே போனால் சிரிப்பு, வீட்டுக்கு வந்தால் மயக்கம்.

விசுவாசி சொல்லக்கூடாத வார்த்தைதான். ஆனாலும் சாட்சியில் பொய் சொல்லக்கூடாது. அந்த அம்மாவின் கண்ணுதான் என் பிள்ளைமேல் பட்டுவிட்டது என்று நினைத்தேன். வெளியே போனால் நன்றாக இருக்கிறாள், அவள் வீட்டுக்குள் வந்தால் வாடிப்போகிறாள். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் முழங்காலில் விழுந்தேன். ரூத்தின் உதடு காய்ந்து கிடந்தது. கூப்பிட்டால் விழி மட்டும் அசைந்தது. நான் இரண்டு விண்ணப்பங்கள் வைத்தேன். "ஆண்டவரே, என் பிள்ளையை எனக்குத் தாரும். இந்தப் பொம்பளை என் வாசல்படி மிதிக்காதபடி செய்யும்." இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டேன். அழுது அழுது கேட்டேன்.

மறுநாள் சனிக்கிழமை என் கணவர் வர வேண்டிய நாள். பத்து நாள் பொட்டலச் சாப்பாடு சாப்பிட்டவருக்குத் தோசை சுடலாம் என்று, தலைசுற்றலோடே, டெக்சாஸிலிருந்து கொண்டுவந்த உளுந்தையும் அரிசியையும் ஊறப்போட்டு அரைத்தேன். அந்தக் குளிரில் மாவு புளிக்க வேண்டுமே. அறையின் மூலையில் ஓர் இடம் மற்ற இடத்தைவிடச் சுடும். பாத்திரத்தை அங்கே வைத்து, மேலே கம்பளியைப் போர்த்தி வைத்தேன்.

காலையில் பார்த்தால் மாவு பொங்கி வழிந்து, கம்பளியை நனைத்து, தரையில் ஓடியிருந்தது. தரைக்கு மேல் வழவழப்பான விரிப்பு ஒன்றை ஒட்டியிருப்பார்கள். மூலையில் அது பிரிந்திருந்ததால் மாவு அதற்கு அடியிலும் போய்விட்டது. துடைப்பதற்காக விரிப்பைப் பிடித்துத் தூக்கினேன். கீழே சிமெண்டுத் தரை ஒரு விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது. வெடிப்பைச் சுற்றிலும் கருப்பு. அழுக்கு என்று நினைத்து அதையும் துடைத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. அங்கேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது கதவு ஆடியது. கரி வைக்க வந்த அந்த அம்மாதான். கொக்கி போட்டிருக்கிறேன், திறக்கமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தேன். தட்டினார், கூப்பிட்டார். பதில் வராததும் தோளால் ஒரே இடி. கொக்கி பிய்த்துக்கொண்டு வந்தது. புளித்த மாவு வாசனைக்கு இப்போதும் மூக்கைப் பொத்துவாள் என்று பார்த்தால், பொத்தவில்லை. தூக்கிய விரிப்பைப் பார்த்தார். வெடிப்பைப் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. பாயில் கிடந்த ரூத்தை அப்படியே வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினார்.

"என் பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போற? ஏய், நில்லு!" என்று கத்தியபடி தவழ்ந்து, எழுந்து, பின்னால் ஓடினேன். வெளியே பனி கொட்டியிருந்தது. வெறுங்காலோடு ஓடி முற்றத்தில் குப்புற விழுந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அந்த அம்மா பிள்ளையின் குல்லாயைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டையையும் தளர்த்திவிட்டு, பனிக்காற்றுக்கு நேராக அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்திருந்தார். முதுகைத் தேய்த்தார். கன்னத்தைத் தட்டினார். நான் போய் அவர் கையை அடித்தேன். அவர் விடவில்லை.

ரூத் அழுதாள். ஐந்தாறு நாட்களுக்குப் பிறகு என் பிள்ளை வீறிட்டு அழுதாள். அந்த அம்மா பனியிலேயே உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதார். அவர் அழுததைப் பார்த்த பிறகுதான் இவர் என் எதிரி இல்லை என்று என் மரமண்டைக்கு உறைத்தது.

பிறகு ஓடிப்போய் முள்ளங்கி ஊறிய புளிப்புத் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து என் வாயில் வைத்தார். கரிப்புகை ஏறியவர்களுக்கு அங்கே கொடுக்கிற கைவைத்தியம் அது. எந்தப் பானையின் நாற்றத்தை மனதுக்குள் திட்டினேனோ அதே பானையிலிருந்து குடித்தேன். டாக்ஸி பிடித்து, என்னையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அன்று அவர் கடை திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். ஆங்கிலம் தெரிந்த ஒரு நர்ஸ் எனக்கு விளக்கினார். எரியும் கரியின் புகை தரைக்கு அடியில் ஓடித்தான் வீட்டைச் சூடாக்குகிறது. தரை வெடித்தால் அந்த விஷவாயு அறைக்குள் வரும். அதற்கு வாசனையே தெரியாது. தூங்கியபடியே ஆள் போய்விடும். அதனால்தான் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொல்வார்கள். "இந்த அம்மா தினமும் உங்ககிட்ட அதைத்தான் சொன்னாங்களாம்" என்றார் நர்ஸ். இன்னும் ஒரு ராத்திரி நீங்கள் அப்படி அடைத்துக்கொண்டு தூங்கியிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றும் சொன்னார்.

சகோதர சகோதரிகளே, நான் எதை அடைத்தேன் பாருங்கள். என் பிள்ளை சுவாசிக்கும் வழியை என் கையாலேயே, வேட்டித் துணி வைத்து, குத்திக் குத்தி அடைத்தேன். என் பிள்ளையைக் காப்பாற்ற ஆண்டவர் அனுப்பிய ஆளை, என் வாசலுக்கு வரவிடாதேயும் என்று அந்த ஆண்டவரிடமே மனுப் போட்டேன். அவர் என் முதல் விண்ணப்பத்தைக் கேட்டார். இரண்டாவதைக் குப்பையில் போட்டார். அதற்காகத்தான் நான் இன்றுவரை அதிகம் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

சாயங்காலம் என் கணவர், அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு, சேறு படிந்த பூட்ஸோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். நான் நடந்ததைச் சொன்னேன், என் கோபத்தையும் சேர்த்து. அவர் போய் அந்த அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த அம்மா கூச்சப்பட்டுக் கையை இழுத்துக்கொண்டார். தரையைச் சரிசெய்து முடிக்கும்வரை எங்களுக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு, அவர் அடுக்களையில் ஓர் ஓரமாகப் படுத்தார். எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. மீதி மாதங்கள் அவர்தான் எங்களுக்குத் துணை. நான் தோசை சுட்டுக் கொடுத்தால் ஊறுகாயை வைத்துச் சாப்பிடுவார். சாம்பாரை மட்டும் கடைசி வரை தொடவில்லை.

அவர் நம் ஆண்டவரை அறியாதவர்தானே என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. ஆண்டவர் அவரை நன்றாக அறிந்திருந்தார். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ரூத்துக்கு இப்போது ஒன்பது வயது. டெக்சாஸில் குளிர் கொஞ்சம் கூடினாலும் "மாம், இட்ஸ் ஃப்ரீஸிங்" என்று கத்துவாள், ஏனென்றால் நான் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஜெபத்துக்கு உட்காருவேன். அவள் கத்தட்டும். அந்தச் சத்தம் எனக்கு எத்தனை முறை கேட்டாலும் சலிக்காது.

இதை வாசிக்கிற உங்களுக்கும் உயிர்போகிற கஷ்டம் இருக்கலாம். கேளுங்கள், அவர் தருவார். ஆனால் அவர் யாரை அனுப்புவார் என்பதை அவரிடமே விட்டுவிடுங்கள். நாளைக் காலையில் உங்களுக்குப் பிடிக்காத யாராவது வந்து கதவைத் தட்டினால், முதலில் கொக்கியை எடுங்கள். பிறகு ஜெபிக்கலாம்.