அரிசி வாளிக்குள் மணிக்கூடு

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். காணாமல் ஆக்கப்பட்ட தம்பியைப் பற்றிக் கதைக்கமுன், போனையும் அக்கா கனடாவிலிருந்து அனுப்பிய ஸ்மார்ட் மணிக்கூட்டையும் அரிசி வாளிக்குள் போட்டு மூடிவிடுவேன். பிறகு பக்கத்து வீட்டுக்கே கேட்கிற குரலில் கதைப்பேன்.

இன்று வெள்ளவத்தை பஸ்ஸில் ஒருவர் சொன்னார், கோர்ட் ஓடர் எடுத்தால் மணிக்கூடு போனோடு கதைப்பதையும் பொலிஸ் சட்டப்படியே ஒட்டுக்கேட்கலாமாம்.

வீட்டுக்கு வந்ததும், "பாத்தீங்களே அம்மா, நான் பயந்தது சரிதானே" என்றேன்.

அம்மா வாளியைத் திறந்து, மணிக்கூட்டை எடுத்து, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு வாயருகே பிடித்தார்.

"அய்யா, கேட்டுக்கொண்டிருக்கிறியளே? என்ர பிள்ளை எங்கை எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒருக்காச் சொல்லிவிடுங்கோ."

பிறகு அதைக் காதில் வைத்துக்கொண்டார். இன்னும் வைத்திருக்கிறார்.

யாராவது அவரிடம் சொல்லுங்களேன், எனக்கு வாய் வரவில்லை. அந்த மணிக்கூட்டில் சார்ஜ் இறங்கி ஒரு மாதம்.