திலகா அக்கா வெறுமையாக விட்ட சுவர்

திலகா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் ரொறன்ரோவிலிருந்து அழைத்தபோது, புதுக்குடியிருப்புச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். "முப்பத்தோராம் நாள் நினைவா அடிச்சுக் குடுக்கிற கல்வெட்டுப் புத்தகத்துக்கு நீங்கள்தான் எழுதவேணும், மாமா. அம்மா உங்களைப் பற்றி அடிக்கடி கதைக்கிறவா" என்றாள். அந்தக் கடைசி வசனம் என்னைச் சுட்டது.

எங்கள் ஊரிலிருந்து கனடா போன அக்கா, படங்களுக்குச் சட்டம் அடிக்கும் கடையொன்றில் வேலை செய்து, பிறகு சொந்தமாக ஓவிய விற்பனைக்கூடம் திறந்தார். "ஒரு சேலைக்கடை போட்டிருக்கலாமே" என்று இங்கே எல்லோரும் பகிடி பண்ணினோம். நானும் சிரித்தவன்தான். என் ஓவியங்களை முதன்முதலில் சுவரில் மாட்டி விற்றவரும் அவர்தான்.

படத்தின் கீழே ஒட்டும் சீட்டில் பெயர், அளவு, எந்த வண்ணம் என்று மூன்று வரிகள் மட்டுமே எழுதுவார். ஊருக்கு வந்திருந்தபோது அதற்காகச் சண்டை பிடித்தேன்.

"நாங்கள் போரிலை பட்ட பாட்டை நாலு வரி எழுதினால் என்ன, அக்கா?"

"எழுதினால் விக்கும். ஆனால் சனம் படத்தைப் பாக்காது, உன்னைப் பாத்துத்தான் பாவப்படும். நீ படம் கீறத் தெரிஞ்ச ஆளடா."

எனக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த படங்களை வேறொரு கூடத்துக்குக் கொடுத்தேன். அவர்கள் என் கதையைச் சுவர் நிறைய எழுதினார்கள், எல்லாம் விற்றன. வாங்கியவர்களின் கடிதங்கள் முழுக்க அனுதாபம். நான் பாடுபட்டுக் குழைத்த நீலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அக்கா சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவர் கோபம் வைத்திருக்கவில்லை. இந்தத் தைப்பொங்கலுக்குக் குரல் செய்தி அனுப்பினார்: "கோவம் ஆறிட்டுதோ? வாசலுக்கு நேரே ஒரு சுவரை வெறுமையா விட்டிருக்கிறன். கீறிவச்சது இருந்தா அனுப்படா. ஆடியிலை ஊருக்கு வாறன்."

பதில் போடவில்லை. ஆனால் அன்று பின்னேரமே தூரிகையை எடுத்தேன். நந்திக்கடல் விடியற்காலையைக் கீறி மாசியில் முடித்தேன். ஆடியில் வருவார்தானே, நேரிலேயே கொடுத்து மன்னிப்புக் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஆனியில் போய்விட்டார்.

மகளிடம் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்டேன்.

"அது வெறுமையாத்தான் கிடக்கு, மாமா. அம்மா ஒருத்தரையும் அதிலை ஒரு படமும் கொழுவ விடேல்லை."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூன்று வரிச் சீட்டுத்தான். நேற்று என் படத்துக்கும் அப்படியே எழுதினேன்: பெயர், அளவு, வண்ணம். நாலாவதாக ஒரு வரி எழுதக் கை போனது. அவர் அதை ஒட்ட விடமாட்டார். அதனால் இங்கே, இந்தக் கல்வெட்டில் எழுதுகிறேன்.

மன்னியுங்கோ, அக்கா.